நாய் வண்டியும் 14 ஊசியும்

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்க." தமிழ்நாட்டில் 1990க்கு முன்னால் பிறந்த யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியம் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் வரும். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனா பயந்தவர்கள் எல்லாரும். இந்த 14 எங்கிருந்து வந்தது, ஏன் தொப்புளைச் சுற்றி, எப்போது நின்றது என்று தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் தேடல் ஊசியை விட்டு மெட்ராஸ் தெருக்களுக்கு வந்துவிட்டது. தெருவில் ஒரு நாய்க்குட்டியோடு சிநேகம் பிடித்த பிள்ளை, அது கடித்தாலோ பிறாண்டினாலோ ஏன் வீட்டில் சொல்லாமல் மறைத்தது என்ற கேள்விக்கு இந்த ஊரின் சுகாதார வரலாற்றிலேயே பதில் இருக்கு. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு எண். வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்கு கடித்தவர்களில் சுமார் 40% பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் புரியாதது ஒண்ணும் இல்லை. பெரியவர்கள் தெருநாயைச் சுற்றிப் போவார்கள், பிள்ளைகள் நேரே அதனிடம் போவார்கள். போய் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் முகமும் நாயின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் பிள்ளைகளுக்கு விழும் கடியில் முகம், தலை, கழுத்துக் கடி அதிகம். ரேபிஸ் வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு நகர்ந்து போவது. காலில் கடித்தால் தூரம் அதிகம், கன்னத்தில் கடித்தால் குறைவு. அதாவது மருத்துவருக்கு நேரம் குறைவாகக் கிடைக்கிற நோயாளியே வாயைத் திறக்காமல் இருக்கிற நோயாளியாகவும் இருக்கிறார்.

நான் வளர்ந்தது 80களின் மெட்ராஸ். வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயத்தில் தெருவுக்குத் தெரு குட்டிகள் இருக்கும். தெருநாய்கள் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு முறை, ஆவணி புரட்டாசி வாக்கில் கூடி, இரண்டு மாதம் சுமந்து, ஐப்பசி முதல் மார்கழி வரை குட்டி போடும். விறகுக் கடைக்குப் பின்னால், நின்றுபோன லாரிக்கு அடியில், கட்டிமுடிக்காத வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே என்று இடங்கள் எங்களுக்கு அத்துப்படி. "வெள்ளைக் குட்டி எனக்கு, காது தொங்குறது உனக்கு" என்று பாகம் பிரிப்போம். மணி, ஜிம்மி, டைகர், ரோஸி - இந்த நாலு பேருக்குள் பெயர் முடிந்துவிடும். கோணிப்பை படுக்கை. டீக்கடைப் பொறை சாப்பாடு. வீட்டில் ஒரே வசனம்: "அதைத் தொட்டுட்டு அப்படியே உள்ள வராதே, போய்க் கை கால் கழுவு." (இந்த வசனத்தில் இருந்த மருத்துவம் என்ன என்று பிறகு சொல்கிறேன்.)

எங்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் நாய் வண்டி. கூண்டு வைத்த வண்டி, நீளமான இடுக்கியோடு ரெண்டு மூணு ஆட்கள். தெருமுனையில் பார்த்த முதல் பையன் "வண்டி வருதுடா" என்று கத்திக்கொண்டே ஓடி வருவான். அவரவர் நாயை இழுத்துக்கொண்டு எந்த காம்பவுண்டு திறந்திருக்கோ அதற்குள் போய்விடுவோம். கழுத்தில் பட்டை இருந்தால் வீட்டு நாய் என்று விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கறுப்புக் கயிறு, பழைய பெல்ட், சணல் என்று கிடைத்ததைக் கட்டிவிடுவோம். பாதித் தெருநாய்கள் கழுத்தில் ஏதாவது ஒன்றோடுதான் திரியும்.

இந்த ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாய் பல் பட்டுவிட்டது என்று ஒரு பையன் வீட்டில் சொன்னால் ரெண்டு காரியம் நடக்கும். அவனுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அவன் மணிக்கு நாய் வண்டி. சொல்லாவிட்டால் இரண்டுமே இல்லை. ஏழெட்டு வயதில் இந்தக் கணக்குக்கு வேறு விடை வராது. "முள்ளு கிழிச்சிடுச்சும்மா" என்பது அந்தக் காலப் பிள்ளைகளின் பொதுவான பதில். சுண்ணாம்போ மஞ்சளோ தடவி விஷயம் முடிந்தது. பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பெரும்பாலான நாய்களுக்கு வெறி இல்லை. அந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பித்தான் பல தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம்.

1885 ஜூலை 6ஆம் தேதி, அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை அவன் அம்மா பாரிஸில் லூயி பாஸ்டரிடம் கூட்டிவந்தார். ரெண்டு நாள் முன்னால் வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. பாஸ்டர் மருத்துவர் அல்ல, வேதியியல்காரர். சட்டப்படி அவர் ஊசி போட முடியாது. கிராஞ்சே என்ற மருத்துவர் போட்டார். மொத்தம் 13 ஊசி, வயிற்றுப் பக்கம், தோலுக்கு அடியில். வெறிநோயில் இறந்த முயலின் தண்டுவடத்தைக் காயவைத்து வீரியம் குறைத்த மருந்து அது. பையன் பிழைத்தான். நம் ஊர் 14ன் மூதாதை இந்த 13தான். தொப்புள் பக்கம் என்பதும் அங்கேயே தொடங்கிவிட்டது.

அதற்கப்புறம் சில வருஷம் இந்தியாவிலிருந்து கடிபட்டவர்கள், வசதியும் அரசாங்கச் சலுகையும் இருந்தவர்கள், கப்பலேறி பாரிஸ் போனார்கள். 1900ல் இமயமலை அடிவாரத்தில் கசௌலியில் பாஸ்டர் நிலையம் வந்தது. தெற்கே 1902ல் லில்லி பாகன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க் கடியால் இறந்துபோனார். அந்த மரணம் ஏற்படுத்திய அதிர்ச்சியில் பணம் திரட்டப்பட்டு, அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907ல் குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கம் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்திருக்கலாம்.

நமக்கு முக்கியமான ஆள் கசௌலியின் டேவிட் செம்பிள். 1911ல் அவர் வெளியிட்ட முறையில் ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, பீனால் சேர்த்து வைரஸைச் சாகடித்துவிடுவார்கள். உயிரில்லாத மருந்து என்பதால் புட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பலாம். நோயாளி மலையேறி வரவேண்டியதில்லை, மருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரும். இதன் மகிமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தொண்ணூறு வருஷத்துக்கும் மேல் இந்த நாட்டின் ஏழைகளைக் காப்பாற்றியது அந்த மலிவான மருந்துதான்.

ஆனா அது நீர்த்த மருந்து. மூளைத் திசுவின் 5% கரைசல். அதனால் அளவு அதிகம் வேண்டும். கடியின் தரத்தைப் பொறுத்து 7 நாளிலிருந்து 14 நாள் வரை, தினம் 2 மில்லியிலிருந்து 5 மில்லி, சில அட்டவணைகளில் அதற்கும் மேல். தினம் 5 மில்லி என்று வைத்து 14 நாளைக்குப் பெருக்கினால் 70 மில்லி. ஒரு சின்ன டம்ளர் அளவு. இவ்வளவையும் தோலுக்கு அடியில் செலுத்தணும்னா தோல் தளர்வாக, இடம் தாராளமாக இருக்கிற பகுதி வயிறுதான். நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போட முடியாது, வீங்கி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போடணும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆக தொப்புளைச் 'சுற்றி' என்பது சும்மா பயமுறுத்தச் சொன்னது இல்லை, செய்முறையே அதுதான்.

இதைவிட மோசமான ஒரு விஷயமும் இருந்தது. ஆட்டு மூளையோடு சேர்ந்து நரம்பு உறைப் பொருளும் உடம்புக்குள் போவதால், சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கிவிடும். கை கால் விளங்காமல் போனவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. எல்லாருக்கும் நடக்காது, அரிதுதான். ஆனால் ஊருக்கு ஒரு கதை இருந்தால் போதாதா? "ஊசி போட்டே கால் போச்சு" என்று பாட்டிகள் சொன்னதை மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சிரித்தோம். பாட்டிகள் சொன்னதில் மருத்துவ உண்மை இருந்தது.

இந்தியா செம்பிள் மருந்தை 2004 டிசம்பரில்தான் நிறுத்தியது. செல் வளர்ப்பு முறையில் செய்த நல்ல மருந்து அதற்கு இருபது வருஷம் முன்னாலிருந்தே இருந்தது, காசு கொடுத்தால் கிடைத்தது. அதாவது எண்பதுகளில் பணக்காரப் பிள்ளைக்குக் கையில் ஐந்தாறு ஊசி, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற பிள்ளைக்கு வயிற்றில் 14. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் தோலின் மேலடுக்கில் போடுகிற முறை வந்துவிட்டது. முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் ரெண்டு கையிலும் 0.1 மில்லி. நாலு தடவை, எட்டு இடம், மொத்தம் 0.8 மில்லி. 70க்கும் 0.8க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. போன வருஷம் என் அலுவலகத்தில் 25 வயதுப் பையன் ஒருவன், செம்பிள் மருந்து நின்றபோது சின்னக் குழந்தையாக இருந்திருப்பவன், "சார், தொப்புள்ல போடுவாங்களா?" என்று கேட்டான். மருந்து போய் இருபது வருஷம் ஆகியும் பயம் மட்டும் கைமாறிக்கொண்டே வருகிறது.

ஊசி கதை இவ்வளவு. வண்டியின் கதை இதைவிடப் பழையது.

தெருநாயைக் கொல்வது என்பதை நிர்வாகக் கொள்கையாகக் கொண்டுவந்தது வெள்ளைக்காரர்கள். பம்பாயில் ஒரு நாய்க்கு 8 அணா என்று பரிசு வைத்தார்கள். காசுக்கு ஆசைப்பட்டு வீட்டு வாசலில் இருந்த நாயையெல்லாம் அடித்துக் கொண்டுபோக, 1832 ஜூனில் நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஊரே கடையடைத்தது. பம்பாய் நாய்க் கலவரம் என்று அதற்குப் பேர்.

மெட்ராஸில் கலவரம் எதுவும் இல்லை. 1860ல் மாநகராட்சி கொல்லத் தொடங்கியது என்று புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி 1990களின் நடுவில் இது ஒரு நாளைக்கு 135 நாய் வரைக்கும் போனது. வருஷம் முழுக்க லீவே இல்லை என்று வைத்தால் 49,000ஐத் தாண்டும். பேசின் பிரிட்ஜ் பக்கம் இருந்த லெத்தல் சேம்பரில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் செத்த நாய்கள் அவ்வளவு சேர்ந்ததால், அந்தத் தோலில் டையும் பர்ஸும் செய்யலாம் என்று அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்துப் பார்த்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். இதைப் படித்த அன்று அடுத்த பக்கத்துக்கு நகரக் கொஞ்ச நேரம் ஆச்சு.

136 வருஷம் கொன்றும் நாய் குறைந்ததா என்றால், இல்லை. ஏன் என்பது மென்பொருள் ஆட்களுக்கு உடனே புரியும். நீங்கள் வெளியீட்டை அழிக்கிறீர்கள், உள்ளீட்டைத் தொடவில்லை. தெருவில் எத்தனை நாய் இருக்கும் என்பதைக் குப்பைத்தொட்டி, இறைச்சிக் கடைக் கழிவு, ஹோட்டல் பின்வாசல் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நாலு நாய் போனால் அந்தச் சாப்பாடு மிச்சம். பக்கத்துத் தெரு நாய் உள்ளே வரும். வழக்கமாக முதல் வருஷத்திலேயே செத்துப்போகிற குட்டிகளில் கூடுதலாகச் சில பிழைக்கும். புதிதாக வந்தவற்றுக்குள் எல்லைச் சண்டை, கடி, அந்தக் கடியிலேயே வெறியும் பரவும். நாய்களைக் கொல்வதால் ரேபிஸ் பரவுவது குறிப்பிடும்படி குறையவில்லை என்று 1992ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் சங்கிலி அறும் என்பதுதான் இன்று எல்லாரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு.

இதில் பிள்ளைகளின் பங்கு ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கொடுமையானது. இடுக்கியோடு வருகிற ஆளிடம் எந்த நாய் முதலில் சிக்கும்? மனுஷன் கிட்டே வந்தால் ஓடாத நாய். கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வருகிற நாய். அதாவது எந்த மணிக்கு ஒரு பிள்ளை பொறை போட்டுப் பழக்கியதோ அந்த மணி. யாரையும் நம்பாத, கிட்டே போனால் பல்லைக் காட்டுகிற நாய் தப்பித்துக் குட்டி போடும். நூற்றுச் சொச்சம் வருஷமாக இந்த ஊர் சாதுவான நாய்களை அள்ளிக்கொண்டு போய், கடிக்கிற நாய்களைத் தெருவில் விட்டுவைத்தது. பிறகு நாய் கடிக்கிறது என்று புகாரும் எழுதியது.

1959ல் ஒரு மழைநாள். கேப்டன் வி. சுந்தரம் தெருவில் தேங்கிய தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்த ரெண்டு நாய்க்குட்டிகளைப் பார்த்து வீட்டுக்கு எடுத்துவந்தார். அவர் விமானி. மனைவி உஷா சுந்தரமும் விமானி, இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். தி.நகரில் பிள்ளைகள் உள்ள வீடு. குட்டி வந்தால் அந்த மாதிரி வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெட்ராஸில் மழைக்காலத்தில் நூறு வீட்டில் நடக்கிற காரியம் அது. மற்ற வீடுகளில் "கொண்டுபோய் விட்டுட்டு வா" என்று முடிந்துவிடும். இந்த வீட்டில் முடியவில்லை. ரெண்டு குட்டி நாலாகி, வீடு கொள்ளாமல் போய், புளூ கிராஸ் என்ற அமைப்பாயிற்று. மேலே ரெண்டு தடவை சொன்ன சின்னி கிருஷ்ணா அந்த வீட்டுப் பிள்ளை.

பின்னாளில் பொறியாளரான அவர் 1964ல் மாநகராட்சியின் கொலைக்கூடத்துக்குப் போய்க் கணக்குக் கேட்டார். எத்தனை வருஷமாகக் கொல்கிறீர்கள், எத்தனை நாய், எண்ணிக்கை குறைந்ததா? கணக்கைப் பார்த்தவுடன் இது வேலை செய்யாத இயந்திரம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த தெருவிலேயே விடு. அந்தத் தெருவின் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரனாக, குட்டி போடாத, வெறி வராத ஒரு நாய் உட்கார்ந்திருக்கும், வெளி நாயையும் உள்ளே விடாது. ஏபிசி படிப்பது மாதிரி சுலபமான காரியம் என்று காட்டுவதற்காகவே 'அனிமல் பர்த் கன்ட்ரோல்' என்று பெயர் வைத்தார்களாம்.

1964ல் கொடுத்த யோசனையை மாநகராட்சி நகரம் முழுக்க ஏற்றுக்கொண்டது 1996 செப்டம்பரில். 32 வருஷம். எங்கள் தொழிலில் இத்தனை காலம் திறந்தே கிடந்த டிக்கெட்டை நான் கேள்விப்பட்டதில்லை. 1996ல் மெட்ராஸ் சென்னையாயிற்று என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அதே வருஷம் கொலைக்கூடமும் மூடப்பட்டது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. 2001ல் அதுவே மத்திய அரசின் விதியாயிற்று, 2023ல் புது விதிகள் வந்தன. காதில் ஒரு சின்ன வெட்டு இருக்கிற நாயைப் பார்த்தால், அது இந்த வழியாகப் போய்த் திரும்பி வந்த நாய்.

முறை சரியா என்றால், ஒழுங்காகச் செய்த இடத்தில் சரி. ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை ஏறத்தாழ 25,000 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டார்கள். அந்தப் பகுதியில் நாய்கள் 28% குறைந்தன, மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது நின்றே போனது. அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லை. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள், அதில் கருத்தடை ஆனவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதே வருஷம் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடி, 43 ரேபிஸ் மரணம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்பதால், இந்த 43ல் ஒவ்வொன்றும் நேரத்துக்கு ஊசி போட்டிருந்தால் அநேகமாகத் தவிர்த்திருக்கக்கூடிய மரணம். இந்த எண்களைப் பார்த்துப் பயப்படுகிற அம்மாவை நாய் வெறுப்பாளர் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காலையில் பிள்ளையைத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற யாருக்கும் அந்தப் பயம் நியாயமானது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கு எடுத்தது. வழக்கின் பெயரே அந்தச் செய்தித் தலைப்புதான்: நகரத்தைத் துரத்தும் தெருநாய்கள், விலை கொடுப்பது பிள்ளைகள் என்று பொருள். ஆகஸ்ட் 11ல் டெல்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உத்தரவு. ஆகஸ்ட் 22ல் மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, வெறியோ மூர்க்கமோ இல்லாத நாய்களைக் கருத்தடை, தடுப்பூசிக்குப் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். நவம்பர் 7ல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. டிவி விவாதங்களில் ரெண்டு கட்சியும் பிள்ளையை முன்னால் நிறுத்தித்தான் பேசின. ஒரு பக்கம் கடிபட்ட பிள்ளை, இன்னொரு பக்கம் நாயைக் கட்டிப்பிடித்திருக்கும் பிள்ளை. ரெண்டும் பெரும்பாலும் ஒரே பிள்ளைதான் என்பதை யாரும் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

எனக்குக் கவலை இந்த இடத்தில்தான். வயிற்று ஊசி போய்விட்டது. ஆனால் "கடிச்சுதுன்னு சொன்னா நாயைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க, திரும்பி வராது" என்ற நிலை மறுபடி வந்தால், 80களில் எங்கள் தெருவில் போட்ட அதே கணக்கைத்தான் இன்றைய பிள்ளையும் போடும். வண்டிக்கு நாய் வண்டி என்று பெயரா, காப்பக வண்டி என்று பெயரா என்பது அதற்கு முக்கியம் இல்லை. முள்ளு கிழிச்சிடுச்சு என்றுதான் சொல்லும்.

நடைமுறை விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன், முன்னால் சொல்வதாகச் சொன்ன அம்மா வசனமும் இதில் வருகிறது. ரேபிஸ் வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை ஒன்று இருக்கு. சோப்பு அதைக் கரைத்துவிடும். கடியோ கீறலோ, உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்றால் ஊசியோடு சேர்த்து காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் போடணும், கேட்டு வாங்குங்கள். நாய் நல்ல நாயா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

ஆனால் ஊசியைத் தொடங்கிய பிறகு நாயைப் பார்க்கணும். நாயின் எச்சிலில் வைரஸ் வந்துவிட்டால் அது 10 நாளுக்குள் நோயில் விழுந்து செத்துவிடும். 10ஆம் நாள் அது நன்றாக இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். மீதி ஊசியை என்ன செய்வது என்று டாக்டர் அதை வைத்து முடிவு செய்வார். நாயை அடித்துக் கொன்றுவிட்டாலோ எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டாலோ இந்தத் தகவல் கிடைக்காது. 'ஏதோ ஒரு தெருநாய்' என்று பெரியவர்கள் சொல்கிற இடத்தில், எந்த நாய், காதில் வெட்டு இருக்கா, ராத்திரி எங்கே படுக்கும், நேற்றுப் பொறை போட்டால் சாப்பிட்டதா, இன்றைக்கு ஏன் ஒரு மாதிரி நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஆள் அந்தத் தெருவில் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு வயது ஏழோ எட்டோ. நாயை யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று முதலில் வாக்குக் கொடுத்துவிட்டு, தினம் சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும், 10 நாளைக்கு.